நீர்வடிப்பகுதிக் கூட்டுத் திட்டம்: நான்கு அமைப்புகளில் எதைத் தேர்வது?

ஒரு நீர்வடிப்பகுதியை, அதாவது மழைநீர் ஒரே ஓடைக்கோ ஆற்றுக்கோ வடிந்துவரும் நிலப்பரப்பை, பாதுகாக்கப் பலர் சேர்ந்து இறங்கும்போது முதல் கூட்டத்திலேயே வரைபடத்தை விரித்துவிடுகிறார்கள். தடுப்பணை எங்கே, மரக்கன்று எங்கே என்று பேச்சு சூடு பிடிக்கிறது. அந்தப் பேச்சு சில மாதங்கள் காத்திருந்தால் குடி முழுகிவிடாது. கூட்டு எந்த வடிவத்தில் இயங்கப்போகிறது, கையெழுத்து யாருடையது, பணம் யார் பொறுப்பில் இருக்கும் என்ற முடிவைத்தான் தள்ளிப்போடக் கூடாது. பிற்பாடு எழும் தகராறுகளில் பெரும்பாலானவை இங்கே விட்ட ஓட்டைகளிலிருந்து கிளம்புகின்றன.

இதுவரை உலகில் நடந்த முயற்சிகளைப் பார்த்தால் நான்கு வடிவங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அரசுத் திட்டத்தின் கீழ் அமையும் குழு, நிலம் வைத்திருப்பவர்கள் தாங்களே அமைத்துக்கொள்ளும் சங்கம், கீழே தண்ணீரைப் பயன்படுத்துபவர்கள் மேலே இருப்பவர்களுக்குப் பணம் கொடுக்கும் நிதியம், நிலத்தையோ நில உரிமையின் ஒரு பகுதியையோ வாங்கிவிடும் அறக்கட்டளை. இவற்றை எடைபோட நான் இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்கிறேன். மேட்டில் இருக்கும் ஒருவர் தன் மேய்ச்சலையோ பயிரையோ மாற்றிக்கொண்டால் அவருக்கு வரும் இழப்பை யார் ஏற்பது? திட்டப் பணம் நின்றுபோன பிறகு உடைந்த கரையை யார் அடைப்பது? இரண்டாவது கேள்விக்கே நான் அதிக மதிப்பெண் ஒதுக்குவேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கூன் வேலி என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அந்த நாட்டின் முதல் நீர்வடிப்பகுதி முன்மாதிரித் திட்டம் 1933இல் அங்கேதான் தொடங்கியது. அரசு ஆட்களையும் விதையையும் வேலிக் கம்பியையும் கொடுத்தது. விவசாயிகள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, சரிவுக்குக் குறுக்கே சம உயரப் பட்டைகளாக உழுவதற்கும், செங்குத்தான காட்டுச் சரிவுகளில் மாடு விடாமல் இருப்பதற்கும் ஒப்புக்கொண்டார்கள். பட்டைச் சாகுபடி அந்த மலைகளில் தலைமுறை தாண்டி நிலைத்தது. பிற்பாடு, வெள்ளத்தைத் தடுக்க அதே ஓடையின் மேற்பகுதிகளில் சிறு அணைகள் கட்டப்பட்டன. 2018 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் அவற்றில் மூன்று உடைந்தன. அணைகள் சாய்ந்து நின்ற மலைப்பாறையிலேயே விரிசல்கள் இருந்தது அதன்பின் தெரியவந்தது. திரும்பக் கட்டுவதைவிட அங்குள்ள அணைகளை அகற்றிவிடுவதே மேல் என்று ஆய்வு பரிந்துரைத்தது. அணை கட்டியவர்கள் போய்ச் சேர்ந்து வெகு காலமாகியிருந்தது. அரை நூற்றாண்டு கழித்து ஒரு கட்டுமானத்துக்கு யார் பொறுப்பு என்று திட்ட அறிக்கை எழுதும்போது யாரும் கேட்பதில்லை. கேட்டால் கூட்டத்தில் முகம் சுளிப்பார்கள்.

இனி நான்கு வடிவங்களுக்கு வருவோம்.

அரசுத் திட்டக் குழுவின் பலம் வெளிப்படையானது. பெரிய தொகை வரும், பொறியாளர் வருவார், புறம்போக்கிலும் வனத்திலும் வேலை செய்ய அனுமதி எளிதாகக் கிடைக்கும். இந்தியாவில் 2008ஆம் ஆண்டுப் பொது வழிகாட்டி நெறிமுறைகள் இந்த வடிவத்தை ஓரளவு யோசித்தே செதுக்கியிருந்தன. நான்கு முதல் ஏழு ஆண்டுகள் வரை காலம், ஆயத்தம், பணிகள், நிலைப்படுத்தல் என மூன்று கட்டம், உச்சியில் தொடங்கி அடிவாரத்துக்கு வரும் வரிசை, ஊர்மட்டத்தில் நீர்வடிப்பகுதிக் குழு. தனியார் நிலத்தில் செய்யும் வேலைக்கு உரிமையாளர் 10 சதவீதம் பங்களிக்க வேண்டும் என்று அவை விதித்தன. சிறு, குறு விவசாயிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அது 5 சதவீதம். அந்தத் தொகை ஒரு நிதியில் சேர்ந்து, திட்டம் முடிந்த பிறகு பராமரிப்புக்குப் பயன்பட வேண்டும். என் இரண்டாவது கேள்விக்கு ஏட்டில் நல்ல பதில்.

நடைமுறையில் இடறும் இடம் அந்தப் பங்களிப்புதான். பல இடங்களில் அதை நில உரிமையாளரிடம் வசூலிக்காமல் கூலியில் பிடித்தார்கள். நிலமே இல்லாத தொழிலாளி அடுத்தவர் நிலத்தின் வரப்புக்குப் பங்கு கட்டினார் என்றுதான் அதற்கு அர்த்தம். இன்னொரு சிக்கலும் உண்டு. அரசுக் கணக்கில் கன மீட்டரில் அளக்க முடிகிற வேலைக்கே பணம் சுலபமாக வெளிவரும். தோண்டிய பள்ளத்தையும் கட்டிய தடுப்பணையையும் அளவுப் புத்தகத்தில் ஏற்றலாம். மேற்குச் சரிவில் மூன்று ஆண்டுகள் ஆடு விடுவதில்லை என்று ஊர் எடுத்த முடிவை எந்தப் பக்கத்தில் ஏற்றுவது? நிதியாண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும் என்ற நெருக்கடி வந்தால் சிமெண்டு முந்திக்கொள்கிறது, புல் பின்தங்கிவிடுகிறது. மண் அரிப்பைத் தடுப்பதில் புல் செய்யும் வேலை சிமெண்டைவிடச் சளைத்ததில்லை.

எல்லைக் கோடும் ஒரு தொல்லை. அமெரிக்காவில் மண் பாதுகாப்பு மாவட்டம் என்பது அந்த வேலைக்கென்றே அமைந்த உள்ளூர் அமைப்பு. 1937இல் அமைந்த முதல் மாவட்டமான பிரௌன் க்ரீக், ஓர் ஓடையின் வடிநிலத்தை வைத்துத்தான் வரையப்பட்டது. இன்று அந்நாட்டில் அத்தகைய மாவட்டங்கள் ஏறத்தாழ 3,000 இருக்கின்றன. பெரும்பாலானவை நிர்வாக எல்லைகளையே தங்கள் எல்லையாகக் கொண்டுவிட்டன. அலுவலகம், தேர்தல், வரி எல்லாம் அந்த எல்லையில் இயங்கும்போது ஓடைக்காக யாரும் கோட்டை மாற்றுவதில்லை. அரசு வடிவத்தைத் தேர்பவர்கள் இந்தப் பொருந்தாமையையும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

இரண்டாவது வடிவம், நிலம் வைத்திருப்பவர்களின் சங்கம். இதற்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவின் லேண்ட்கேர். 1986இல் விக்டோரியா மாநிலத்தில் தொடங்கியது. 1989இல் விவசாயிகள் கூட்டமைப்பும் சுற்றுச்சூழல் அமைப்பும் ஒரே கோரிக்கையுடன் பிரதமர் பாப் ஹாக்கிடம் போனபோது தேசிய இயக்கமாக மாறியது. இரு தரப்பும் சாதாரணமாக எதிரெதிர் மேடைகளில் நிற்பவர்கள். பின்னாளில் ஆயிரக்கணக்கான குழுக்கள் முளைத்தன. வேலி, ஓடைக்கரை மரம், முயல் ஒழிப்பு போன்ற அண்டை வீட்டார் சேர்ந்து செய்யும் வேலைகளில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நிலம் உப்பாகும் பிரச்சினையில் குழுக்கள் திணறின. ஆழ வேர் மரங்களை வெட்டிப் பரந்த நிலத்தில் மேல்வேர்ப் பயிரை வைத்ததால் நிலத்தடி நீர் உயர்ந்து உப்பையும் மேலே கொண்டுவந்தது. அதைத் திருப்ப ஒரு முழு வட்டாரமே சாகுபடியை மாற்ற வேண்டும். அண்டை நிலத்தார் சிலர் சனிக்கிழமை கூடி மரம் நட்டு ஆகிற காரியமில்லை. பிறகு வட்டார அளவிலான அமைப்புகள் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அமெரிக்காவின் மொன்டானாவில் பிளாக்ஃபுட் ஆற்றை மையமாக வைத்து 1993இல் அமைந்த பிளாக்ஃபுட் சேலஞ்ச் என்ற கூட்டு எனக்கு இன்னும் பிடித்தமானது. ஒத்துப்போகும் 80 சதவீத விஷயங்களில் வேலையைத் தொடங்கு, மீதி 20 சதவீதத்தில் சண்டையை ஒத்திவை என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் வறட்சித் திட்டத்தை எடுத்துக்கொண்டு பாருங்கள். ஆற்றின் கீழ்ப்பகுதியில் உள்ள அளவிடும் நிலையத்தில் ஓட்டம் விநாடிக்கு 700 கன அடிக்குக் கீழே இறங்கினால், பாசனக்காரர்கள் தாங்களாகவே எடுப்பைக் குறைத்துக்கொள்கிறார்கள், தூண்டில் போடுபவர்களும் அடங்கிக்கொள்கிறார்கள். முதலில் உரிமை பெற்றவருக்கே முதலில் தண்ணீர் என்ற சட்டப்படி, மூத்த நீருரிமை யாருக்கு, இளைய உரிமை யாருக்கு என்று பார்த்திருந்தால் இளையவர்கள் முற்றாக இழந்திருப்பார்கள். மூத்தவர்கள் ஒரு சொட்டும் விட்டிருக்க மாட்டார்கள். ஓர் எண், ஓர் இடம், எல்லோருக்கும் ஒரே சுமை. எந்தக் கூட்டும் தன் ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரியாவது எழுத முடிகிறதா என்று பார்க்க வேண்டும். எழுத முடியவில்லை என்றால் அங்கே இன்னும் கூட்டு உருவாகவில்லை என்பதே என் கணிப்பு.

மகாராஷ்டிரத்தின் ஹிவரே பஜார் என்ற கிராமம் இதை ஊராட்சி வழியாகச் செய்தது. போபட்ராவ் பவார் 1989இல் ஊர்த்தலைவரான பிறகு ஊர் பல தடைகளை ஏற்றுக்கொண்டது. கட்டுப்பாடற்ற மேய்ச்சல் கூடாது, மரம் வெட்டக் கூடாது, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பு கூடாது. மழைக்குப் பின் ஊர்த் தண்ணீருக்குக் கணக்குப் போட்டு, குடிக்கவும் கால்நடைக்கும் ஒதுக்கிய பிறகு மீதிக்கு ஏற்ற பயிரைத் தீர்மானிக்கிறார்கள். அந்த ஊரைப் பார்த்துவிட்டு வருபவர்கள் தடுப்பணைகளைப் படம் எடுத்து வருகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கரும்புத் தடையைப் படம் எடுக்க முடியாது. தடுப்பணையில் தேங்கும் தண்ணீரைப் பக்கத்து ஆழ்துளைக் கிணறு ஒரே கோடையில் உறிஞ்சிவிடும் என்றால், அது பொதுப் பணத்தில் ஒருவருடைய மோட்டாருக்குத் தண்ணீர் கொண்டுவந்த வேலையாகத்தான் முடியும். பயன்பாட்டுக்கு விதி இல்லாத இடத்தில் கட்டுமானத்துக்குப் பணம் போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

சங்க வடிவத்தின் பலவீனம் அது ஆட்களை நம்பியிருப்பதுதான். ஊக்கமுள்ள இரண்டு மூன்று பேர் களைத்துப்போனால் சங்கமும் படுத்துவிடும். மானிய விண்ணப்பம் எழுதியே பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். சம்பளத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர், பகுதி நேரமானாலும் சரி, இல்லாத சங்கம் நெடுநாள் தாக்குப்பிடிப்பது அரிது. நன்கொடையாளர்களோ மரக்கன்றுக்குக் கொடுப்பார்கள், சம்பளத்துக்குக் கொடுக்கத் தயங்குவார்கள்.

மூன்றாவது வடிவத்துக்குப் போகும் முன் ஹரியானாவின் சுகோமஜ்ரியைச் சொல்லிவிட வேண்டும். சண்டிகரில் 1958இல் உருவாக்கிய சுக்னா ஏரி வண்டல் படிந்து தூர்ந்துகொண்டே வந்தது. வண்டல் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போன பி.ஆர். மிஸ்ரா என்ற மண்வள விஞ்ஞானி, மேலே சிவாலிக் குன்றுகளில் ஆடுமாடு மேய்த்த சுகோமஜ்ரி கிராமத்தில் போய் நின்றார். மேய்க்காதே என்றால் அவர்கள் எதை வைத்துப் பிழைப்பது? 1976இல் அங்கே ஒரு சிறு மண் அணை எழுந்தது. அதன் நீர் வயல்களை நனைத்ததும், குன்றில் மேய்ச்சலை நிறுத்துவதற்கு ஊரே காவல் நின்றது. நிலமற்ற குடும்பம் உட்பட ஒவ்வொரு வீட்டுக்கும் சமமான நீர்ப்பங்கு என்பதுதான் இதில் நுட்பமான ஏற்பாடு. நிலம் இல்லாதவர் தன் பங்கை விற்றுக்கொள்ளலாம். குன்றில் அதிகமாக மேய்த்தவர்கள் பெரும்பாலும் நிலமற்றவர்கள்தான். அவர்களுக்குப் பங்கு இல்லாத எந்தத் திட்டத்தையும் அவர்களுடைய ஆடுகள் ஒரே பருவத்தில் முடித்துவைத்துவிடும்.

அங்கே கைமாறியது தண்ணீர். கீழிருப்பவர்கள் பணமாகக் கொடுப்பது மூன்றாவது வடிவம். நியூயார்க் நகரத்தின் கதையைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள், ஆனால் அதில் பாதியைத்தான் சொல்வார்கள். நகரின் குடிநீரில் ஏறத்தாழ 90 சதவீதம் கேட்ஸ்கில் மலைகளையும் டெலவேர் ஆற்றின் தலைப்பகுதியையும் சேர்ந்த நீர்ப்பிடிப்பிலிருந்து வடிகட்டாமலே வருகிறது. 1989இல் வந்த கூட்டாட்சி விதி, வடிகட்டு அல்லது நீர்ப்பிடிப்பைக் காப்பாற்று என்றது. வடிகட்டும் நிலையத்துக்கு 600 கோடி டாலருக்கு மேல் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். பாதுகாப்புத் திட்டத்துக்கு அதில் ஒரு பகுதி போதும். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது, நகரம் முதலில் மேலே இருந்த விவசாயிகள் மீது கெடுபிடியான விதிகளைத் திணிக்கப் பார்த்ததும், அவர்கள் கொதித்தெழுந்ததும்தான். அதன் பிறகே 1993இல் விவசாயிகளின் கையில் இருக்கும் ஒரு வேளாண் மன்றம் அமைந்தது. ஒவ்வொரு பண்ணைக்கும் தனித்தனியாகத் திட்டம் போட்டார்கள். கன்றுக்குட்டிகளின் சாணத்தில் நோய்க்கிருமி அதிகம் என்பதால் கன்றுக் கொட்டகை எங்கே இருக்க வேண்டும், எந்த வயலில் எப்போது எரு இறைக்கக் கூடாது என்ற அளவுக்கு நுணுக்கமாகப் போனார்கள். செலவு நகரத்துடையது, சேர்வது விவசாயியின் விருப்பம். 1997 உடன்படிக்கையில், விற்க விரும்புபவரிடம் மட்டுமே நிலம் வாங்குவோம், வாங்கிய நிலத்துக்கு உள்ளூர் வரியும் கட்டுவோம் என்று நகரம் எழுதிக் கொடுத்தது.

அதே நகரத்தின் இன்னொரு நீராதாரம் குரோட்டன். அதன் நீர்ப்பிடிப்பு புறநகராகிக் குடியிருப்புகள் பெருகிவிட்டன. அந்தத் தண்ணீரை வடிகட்டாமல் முடியவில்லை. 300 கோடி டாலருக்கு மேல் செலவழித்து நகரின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு நிலத்தடி வடிகட்டும் நிலையம் கட்டி 2015இல் இயக்கத் தொடங்கினார்கள். கீழிருப்பவர் பணம் கொடுக்கும் வழியைத் தேர்வதற்கு ஒரு காலக்கெடு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிரான்ஸின் விட்டெல் ஊற்றில் புட்டிக் குடிநீர் நிறுவனம் ஒன்றுக்கு, வயல் உரத்திலிருந்து நிலத்தடி நீரில் இறங்கும் நைட்ரேட் தலைவலி. மேலே இருந்த பண்ணைகளுடன் 18 முதல் 30 ஆண்டு ஒப்பந்தங்கள் போட்டார்கள். மக்காச்சோளத்தைக் கைவிட வேண்டும், ரசாயனம் கூடாது, எருவை மக்க வைத்தே போட வேண்டும். அதற்கு ஈடாகப் பணமும், நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையும், தொழில்நுட்ப உதவியும் கிடைத்தன. இந்த ஏற்பாட்டுக்கு வருவதற்கே ஆராய்ச்சியும் பேரமுமாகப் பல ஆண்டுகள் பிடித்தன. ஈக்வடாரின் தலைநகர் கீட்டோ வேறு கணக்குப் போட்டது. 2000இல் நீர் நிறுவனமும் ஒரு பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து 80 ஆண்டு ஆயுளுள்ள ஒரு நிதியத்தை, சில பத்தாயிரம் டாலருக்கும் குறைவான தொகையில் தொடங்கின. பிற்பாடு மாநகராட்சிச் சட்டம் ஒன்று நீர்க் கட்டண வருமானத்தில் 2 சதவீதத்தை அந்த நிதியத்துக்கு ஒதுக்கியது. அடுத்த மேயர் மனம் மாறினாலும் பணம் நிற்காது. என் இரண்டாவது கேள்விக்கு நான்கு வடிவங்களிலும் கிடைத்த ஆகச் சிறந்த பதில் இதுதான்.

ஆனால் கவனியுங்கள். இந்த மூன்று இடங்களிலும் கீழே ஒரே ஒரு பெரிய வாங்குபவர் இருந்தார். கீழே நானூறு சிறு கிணறுகளும் மூன்று சிற்றூர்களும் மட்டும் இருந்தால் யார் யாரிடம் வசூலிப்பது? அங்கே நிதியம் தொடங்குவது வீண் அலைச்சல்.

நான்காவது வடிவத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நிலத்தை விலைக்கு வாங்குவது, அல்லது உரிமையாளரிடமே நிலத்தை விட்டுவிட்டு அதில் கட்டடம் கட்டவும் மனை பிரிக்கவும் உள்ள உரிமையை மட்டும் வாங்கி, அந்தக் கட்டுப்பாட்டைப் பத்திரத்திலேயே நிரந்தரமாகப் பதிந்துவிடுவது. நிலம் கைமாறினாலும் கட்டுப்பாடு கூடவே போகும். மனை வியாபாரம் நெருங்கிவரும் இடத்தில் இதைப்போல உறுதியானது வேறில்லை. ஆனால் மண் அரிப்புக்கோ எரு நிர்வாகத்துக்கோ இது தீர்வாகாது. கட்டுப்பாடு செய்யக் கூடாததைச் சொல்கிறது, செய்ய வேண்டியதைச் செய்யவைப்பது கடினம். ஆண்டுதோறும் யாராவது போய்ப் பார்த்து எழுதிவைக்க வேண்டும், மீறல் நடந்தால் வழக்காட வேண்டும். அந்தச் செலவுக்கு நிரந்தர வைப்பு இல்லாத அறக்கட்டளை கொடுக்கும் நிரந்தர வாக்குறுதிக்கு மதிப்பு குறைவு. இதற்கு இடம் தரும் சட்டம் இல்லாத நாடுகளில் இந்த வழியே கிடையாது.

எதைத் தேர்வது என்பது பிரச்சினையின் குணத்தையும் பொறுத்தது. சரிவிலிருந்து வண்டல் வருகிறதென்றால், மேய்ச்சலை நிறுத்திப் புல் மூடினாலே சில ஆண்டுகளில் கலங்கல் குறைவது கண்ணுக்குத் தெரியும். சங்கமும் அரசுத் திட்டமும் இதற்குப் போதும். நிலத்தடி நீரில் நைட்ரேட் என்றால் கதை வேறு. இன்று உரத்தைக் குறைத்தாலும் மண்ணுக்குள் ஏற்கெனவே இறங்கியது வெளிவரப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள்கூட ஆகும். மூன்றாண்டு மானியத்தை நம்பி இதற்குக் கூட்டு அமைப்பவர்கள், முடிவு தெரியுமுன்னே கலைந்துவிடுவார்கள். நீண்ட ஒப்பந்தமும் நிலையான பணமும் உள்ள மூன்றாவது வடிவமே இதற்குத் தோது. தண்ணீர் போதவில்லை என்பதே பிரச்சினை என்றால் கடைமடைக்காரர்களையும் முதல் நாளே கூட்டத்தில் உட்காரவைக்க வேண்டும். வறண்ட பகுதிகளில் மேலே தேக்கும் ஒவ்வொரு தடுப்பணையும் கீழே உள்ள ஏரிக்கு வரும் நீரைக் கொஞ்சம் குறைக்கிறது. மேலே வெற்றி விழா நடக்கும் ஆண்டில் கீழே ஏரி நிரம்பாமல் போகலாம்.

என் தேர்வைக் கேட்டால், பெரும்பாலான சிறு கூட்டுகளுக்கு நான் சொல்வது இதுதான். முகம் தெரிந்தவர்கள் மட்டும் இருக்கும் அளவுக்குச் சிறிய ஓர் ஓடையின் வடிநிலத்தை எடுத்துக்கொண்டு, நிலம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் வாக்குரிமையுடன் இருக்கும் சங்கமாகத் தொடங்குங்கள். மேய்ச்சல், கிணறு, பயிர் ஆகியவற்றில் ஒரு விதியாவது எழுதி ஒரு பருவம் கடைப்பிடித்த பிறகு அரசுப் பணத்தைக் கேளுங்கள். அதைப் பணிகளுக்கு மட்டும் வாங்குங்கள், சங்கத்தின் தலைமையை அதனுடன் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். கீழே ஒரு நகரமோ ஆலையோ அணைக்கட்டோ இருந்தால் இரண்டாம் ஆண்டிலேயே நிதியம் பற்றிப் பேசலாம். அறக்கட்டளை வழியை ஊற்றுக்கண், ஓடைக்கரை போன்ற சில துண்டுகளுக்கு மட்டும் ஒதுக்கிவையுங்கள். ஒரே கூட்டு இவை அனைத்தையும் கையாளலாம். பிளாக்ஃபுட்டில் மர நிறுவனத்தின் பெரும் நிலப்பரப்பை வாங்கிப் பிரித்துக் கொடுத்த வேலையிலும் சங்கம் இருந்தது, அரசு இருந்தது, அறக்கட்டளையும் இருந்தது. முன்னின்றவர்கள் அந்தப் பள்ளத்தாக்கில் வசிப்பவர்கள்.

முதல் ஆண்டில் செலவு செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, ஒவ்வொரு நிலத் துண்டையும் நடந்து பார்த்துத் திட்டமிடுவது. மகாராஷ்டிரத்தில் இந்திய-ஜெர்மன் கூட்டுத் திட்டம் நடந்தபோது ஒவ்வொரு சர்வே எண்ணிலும் உரிமையாளருடன் நின்று, கணவன் மனைவி இருவரையும் கேட்டு, இந்த நிலத்துக்கு என்ன வேலை என்று ஒப்புதல் வாங்கும் முறை உருவானது. நாள் பிடிக்கும், ஆனால் பின்னால் வரப்புத் தகராறு வராது. இரண்டு, எந்த வேலையும் தொடங்குமுன் ஓடை வெளியேறும் இடத்தில் ஓர் அளவுகோலை நட்டு, ஒரு முழு மழைக்காலம் நீர்மட்டத்தையும் கலங்கலையும் குறித்துவைப்பது. இந்தக் குறிப்பேட்டைப் பக்கத்தில் குடியிருப்பவர் ஒருவரிடம் சம்பளத்துடன் ஒப்படைக்க வேண்டும். இரவு மழையில் எழுந்துபோய் எழுதக்கூடியவராக அவர் இருக்க வேண்டும்.